காலையில் திரை வராத கணினி: கடற்கரை வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி (தங்கச்சிமடம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் வடகடலுக்கு மிக அருகில் இருக்கிறது. மகளின் கல்லூரிப் படிப்புக்காக ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய மேசைக் கணினியை இப்போது மகனும் பயன்படுத்தி வருகிறான். வாடைக்காற்று தொடங்கியதிலிருந்து அது காலை வேளையில் ஒழுங்காக இயங்குவதில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றுகிறது. ஆனால் திரையில் எதுவும் வருவதில்லை, நீளமான பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. பலமுறை அணைத்துப் போட்ட பிறகு எப்படியோ ஓடத் தொடங்கிவிடுகிறது. அப்படி ஓடத் தொடங்கினால் மாலை வரை எந்தத் தொல்லையும் கொடுப்பதில்லை.

கூடவே வேறு சில குறைகளும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு நாளும் தேதியும் நேரமும் பழைய ஆண்டுக்குப் போய்விடுகின்றன. அதனால் வங்கித் தளத்தைத் திறந்தால் பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று எச்சரிக்கை வருகிறது. முன்பக்கத்து யுஎஸ்பி துளைகளில் செந்துரு தெரிகிறது, பென்டிரைவைச் செருகினால் ஏற்பதில்லை. வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று மின்சாரம் ஓடுகிறது. மகனின் டேப்லெட்டும் இப்போது சார்ஜர் முனையை ஒரு பக்கமாகச் செருகினால்தான் சார்ஜ் ஏறுகிறது, திருப்பிச் செருகினால் ஏறுவதில்லை.

கடையில் காட்டியபோது மதர்போர்டு போய்விட்டது என்றும், விண்டோஸ் 10 நின்றுவிட்டதால் முழுக் கணினியையும் மாற்றிவிடுவதே நல்லது என்றும் சொன்னார்கள். இவ்வளவு செலவு இப்போது எங்களால் இயலாது. மாற்றுவதற்கு முன்பு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியது ஏதேனும் இருந்தால், விவரம் அறிந்தவர்கள் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் (கீழக்கரை, கணினிப் பழுதுபார்ப்பவர்)

சகோதரி, நீங்கள் எழுதியிருக்கும் விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் மறுத்து, ஒருமுறை ஓடிவிட்டால் மாலை வரை நிற்கிற கணினியில் மதர்போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், இணைப்பு முனைகளைப் பார்த்தே ஆக வேண்டும். நம் கரையில் பழுதுக்கு வரும் கணினிகளில் பாகங்கள் போவதைவிட, பாகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் கெடுவதே அதிகம்.

காரணம் இதுதான். காற்றோடு வரும் உப்புத் துகள் தூசியில் சேர்ந்து உள்ளே படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். கடலோரத்தில் இரவு முழுவதும் இந்த அளவுக்கு மேல்தான் ஈரம் நிற்கிறது. காலையில் நீங்கள் பொத்தானை அழுத்தும்போது ரேம் (போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பலகை) முனைகளில் ஈரம் இருக்கிறது. விசிறி ஓடி, உள்ளே சூடேறியதும் அது உலர்ந்துவிடுகிறது. நீளமான பீப் ஒலி திரும்பத் திரும்ப வருவதும் பல போர்டுகளில் ரேம் சரியாகத் தொடவில்லை என்பதற்கான அடையாளமே.

எதைத் தொடுவதற்கு முன்பும், கணினி ஓடுகிற ஒரு பகல் வேளையில் பிள்ளைகளின் கோப்புகளைப் பின்பக்கத்து யுஎஸ்பி துளை வழியாக வெளி வன்வட்டில் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு மின்வடத்தைச் சுவரிலிருந்தே உருவிவிட்டு, பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி, ரேமின் இரு முனைகளிலும் உள்ள பிடிகளை வெளிப்புறமாகத் தள்ளினால் அது மேலே எழும்பும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: பொன்னிறப் பட்டைகளின் மீது மங்கிய படலமோ, ஓரத்தில் கடுகளவுக்கும் சிறிய பச்சைப் புள்ளிகளோ தெரியும். அது செம்பில் பிடித்த களிம்பு. மென்மையான வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மருந்துக் கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் 30 விழுக்காடு தண்ணீர் கலந்திருக்கும். மின்னணுப் பொருள் கடையில் 99 விழுக்காட்டுத் திரவத்தைக் கேட்டு வாங்குங்கள். உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. பொன்முலாம் மிக மெல்லியது. அது கீறிப்போனால் உள்ளேயுள்ள செம்பு இன்னும் விரைவாக அரித்துவிடும். ரேம் செருகும் துளையை உலர்ந்த மென்தூரிகையால் துடைத்த பின், இருபுறமும் பிடி ‘டக்’கென்று விழும்வரை ரேமை அழுத்துங்கள். கிராபிக்ஸ் கார்டு தனியாக இருந்தால் அதற்கும் இதே முறைதான்.

தேதி பின்னோக்கிப் போவதற்குக் காரணம் போர்டிலுள்ள நாணய வடிவ பேட்டரி. பெரும்பாலான போர்டுகளில் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான் இருக்கும், விலையும் மிகக் குறைவு. பழையதை எடுத்ததும் அது உட்கார்ந்திருந்த தகட்டில் களிம்பு இருந்தால் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். தேதி சரியானால் வங்கித் தளத்தின் எச்சரிக்கையும் நின்றுவிடும். தளத்தின் சான்றிதழ் செல்லும் காலத்தை உங்கள் கணினி தன் தேதியை வைத்துத்தான் சரிபார்க்கிறது.

கணினிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். மின்வடத்தைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

விண்டோஸ் 10 பற்றிக் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது; ஆனால் கணினி அதனால் நின்றுவிடுவதில்லை. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டு மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருக்கிறது. அதைவிட முக்கியமானது, ஐந்தாண்டுக் கணினி என்றால் விண்டோஸ் 11-க்கே தகுதியுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியை ஓட்டிப் பாருங்கள். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை என்று சொன்னால், பயாஸ் (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

பதில் (ராமநாதபுரம், ஓய்வுபெற்ற மின்பணியாளர்)

அம்மா, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் விரலில் சுருசுருக்கும் அந்தக் குறையைக் கவனியுங்கள். கணினி பழுதைவிட அதுதான் அவசரம்.

எஸ்எம்பிஎஸ்-க்குள் மின்கம்பிகளுக்கும் கேபினெட்டுக்கும் இடையே சிறு கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியாகக் கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் தகடு 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். அதில் ஓடும் மின்சாரம் மிகச் சிறியது என்பதால் சுருசுருப்போடு நிற்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நாளை கிரைண்டரிலோ வாஷிங்மெஷினிலோ உள்கம்பி தகட்டைத் தொட்டுவிட்டால், முழு மின்சாரமும் தொட்டவர் உடம்பு வழியாகத்தான் போகும்.

நம் கரையில் எர்த் கெடும் விதத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். குழாய் மண்ணுக்குள் நன்றாகவே இருக்கும்; அதன் தலையில் கம்பியை இறுக்கியிருக்கும் கிளாம்பும் போல்ட்டும் துருவாக உதிர்ந்து, கம்பி சும்மா சாய்ந்துகொண்டிருக்கும். கையால் இழுத்தால் வந்துவிடும். மேலே இருக்கும் மணலும் கோடையில் சுத்தமாக உலர்ந்துபோவதால் கடத்துவதில்லை. கரியும் உப்பும் கொட்டிய பழைய முறைக் குழிகளில் அந்த உப்பே இரும்புக் குழாயைத் தின்றுவிடுகிறது. புதிதாக அமைப்பதென்றால், கடலோரத்தில் செம்பு பூசிய கம்பியை, உப்பு சேராத நிரப்புக் கலவையோடு இறக்குவதே நீண்ட நாள் நிற்கும்.

உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து எர்த்தின் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை மட்டும் வைத்து 230 காட்டுகிறது, சரியாக இருக்கிறது என்று சொன்னால் ஏற்காதீர்கள். அறுந்துபோன எர்த்திலும் டிஜிட்டல் மீட்டர் ஏதோ ஒரு வோல்ட்டைக் காட்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். சிலர் சுலபமாக முடிப்பதற்காக பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவார்கள். சுருசுருப்பு உடனே நின்றுவிடும். ஆனால் வெளியே நியூட்ரல் அறுந்த அன்று, வீட்டிலுள்ள ஒவ்வொரு உலோகத் தகட்டிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இரண்டு அண்ணன்மார்களுக்கும் மிக்க நன்றி. கோப்புகளை நகல் எடுத்த பிறகு ரேமைக் கழற்றிப் பார்த்தோம். நீங்கள் சொன்ன பச்சைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. துடைத்துப் போட்டு, பேட்டரியையும் மாற்றிய பின் கணினி காலையில் முதல் அழுத்தத்திலேயே ஏறுகிறது, தேதியும் நிற்கிறது. வயர்மேன் வந்து பார்த்ததில், கொல்லைப்புறத்து எர்த் குழாயின் கிளாம்ப் துண்டாகிக் கிடந்தது. புதிய கம்பி இறக்கி அளந்து கொடுத்திருக்கிறார். கேபினெட்டைத் தொட்டால் இப்போது எதுவும் தெரியவில்லை. ஆர்சிசிபி இந்த வாரம் போடுகிறார்.

கணினி வடக்குச் சன்னல் ஓரமாக இருக்கிறது. இரவில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைக்கிறோம், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டிருக்கிறோம். இது போதுமா? டேப்லெட்டுக்கு என்ன செய்வது?

பதில் (பாம்பன்)

வடக்குச் சன்னலிலிருந்து முதலில் நகர்த்துங்கள். வாடைக்காலத்தில் வடகடல் அடித்துக்கொண்டு கிடக்கும்போது அந்தச் சன்னல் வழியாக வருவது வெறும் காற்றல்ல, உப்புச் சாரல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்து வீடுகளுக்கு இதே கதிதான். அதனால் கணினியை இரு பக்கத்துக்கும் ஒதுங்கிய உள்சுவரோரமாக, தரையிலிருந்து உயர்த்தி, பின்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டு வைப்பதே இந்தத் தீவில் முறை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிப்பட்ட பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன என்றால், யுஎஸ்பி துளையின் மெல்லிய தகடு இந்தக் காற்றில் எவ்வளவு நாள் தாங்கும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி விற்கிறார்கள், வாங்கிச் செருகிவிடுங்கள். துருப்பிடித்த முன்பக்கத் துளைகளைத் தனிப் பாகமாகவே மாற்ற முடியும். அதற்குள் பென்டிரைவை வற்புறுத்திச் செருகிக் ஷார்ட் சர்க்யூட் உண்டாக்கிவிட வேண்டாம்.

பிளாஸ்டிக் உறையைக் கைவிடுங்கள். கணினி சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே சிக்கிய ஈரம் இரவில் குளிர்ந்து தகட்டில் படியும். சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியால் போர்த்தினால் போதும். கேபினெட் முழுவதும் காற்றுத் துளைகள் இருப்பதால் சிலிக்கா ஜெல் அங்கே வீண். அந்தப் பொட்டலத்தை வெளி வன்வட்டும் பென்டிரைவும் வைத்திருக்கும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் அதற்குப் பயன் உண்டு. கணினிக்கு நல்ல காப்பு, அதைத் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிடுவதுதான். விடுமுறைக்கு வெளியூர் போய்த் திரும்பியவர்கள் வீட்டில்தான் இந்தத் தொல்லை அதிகம். திரையையும் விசைப்பலகையையும் துடைக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள், அது உலர்ந்தால் உப்பையே பூசிவிட்டுப் போகும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைத் துணியில் லேசாகத் தொட்டுத் துடைக்கலாம்.

டேப்லெட்டின் டைப் சி துளையில் மேலே 12, கீழே 12 என்று 24 முனைகள் உண்டு. முனை எந்தப் பக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது என்று கண்டறியும் தொடுமுனை ஒவ்வொரு வரிசையிலும் தனியாக இருக்கிறது. அதில் ஒன்று அரித்துவிட்டால் ஒரு பக்கம் மட்டுமே சார்ஜ் ஏறும். வேறொரு கேபிளைப் போட்டுப் பார்த்து, குறை துளையில்தான் என்று உறுதிசெய்யுங்கள். பிறகு டேப்லெட்டை அணைத்துவிட்டு, உலர்ந்த மென்தூரிகையால் துளையை மெதுவாகத் துடைத்து, விசிறிக்கு முன்னால் சில மணி நேரம் வைத்திருங்கள். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடக்கூடாது. அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், தவிட்டுத் தூசி துளைக்குள் போய்விடும். ஈரம் இருக்கும்போது சார்ஜரைச் செருகினால் அந்த மின்சாரமே அரிப்பைப் பல மடங்கு விரைவாக்கும். ஆகவே திரையில் நீர்த்துளிக் குறி வந்தால், அது போகும்வரை கண்டிப்பாகக் காத்திருக்க வேண்டும். துடைத்த பிறகும் மறுபக்கம் ஏறவில்லையென்றால் சார்ஜிங் போர்டை மட்டும் மாற்றித் தரும் கடைகள் ராமநாதபுரத்தில் உண்டு. பல டேப்லெட்டுகளில் அது தனிச் சிறு பலகைதான், முழு டேப்லெட்டையும் மாற்ற வேண்டியிருக்காது.