மூன்று நிமிடப் பிட்ச், அப்புறம் ஓட்டு: இப்படியா கேம் ஐடியா தேர்ந்தெடுப்பது?

பிக்சல்பாண்டி:
எங்கள் கேம் டிசைன் வகுப்பில் செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஐடியா தேர்வு நடந்தது. ஆளுக்கு 3 நிமிடம் ஸ்லைடு போட்டுத் தன் ஐடியாவைப் பேசி விற்க வேண்டும், அதுதான் பிட்ச், வகுப்பே ஓட்டுப் போடும், முதல் 4 ஐடியா மட்டும் கேமாகும், மற்றவர்கள் அந்த டீம்களில் போய்ச் சேர வேண்டியதுதான். முதலிடம் எதற்குத் தெரியுமா? சோழர் காலத்தில் இஷ்டம்போல் சுற்றித் திரியும் ஓப்பன் வேர்ல்டு, ஐந்து நகரம், கப்பல் போர், ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஒரு ஸ்லைடில்கூட இல்லை. போஸ்டர் மட்டும் பிரமாதம். அதே வகுப்பில் ஒரு தோழி இரண்டு பகடையும் கொஞ்சம் சோழியும் வைத்து லிஃப்ட் ஆபரேட்டர் கேம் ஒன்றை மேசை மேலேயே ஆடிக் காட்டினார். ஏழாவது மாடியில் அவசரக்காரர், மூன்றாவது மாடியில் கர்ப்பிணி, யாரை முதலில் ஏற்றுவது என்று முன்வரிசையில் சண்டையே வந்துவிட்டது. விழுந்தது நாலே ஓட்டு. ஸ்லைடையே தூக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆடிக் காட்டு, இல்லையென்றால் உட்கார்.

கடன்வாங்கியகோடர்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு கேமை வெளியிடும் பப்ளிஷரிடம் போனாலும் பேசித்தான் ஆக வேண்டும். ஆக்டோடாட் தெரியுமா, சிகாகோவின் டிபால் பல்கலைக்கழக மாணவர்கள் 2010இல் செய்த கேம்? ஒரு ஆக்டோபஸ் கோட்டு மாட்டிக்கொண்டு குடும்பத் தலைவனாக நடிக்கிறது, வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. அவ்வளவுதான் ஐடியா. கேட்டவுடனே அந்த வழவழக் கைகளால் ஒரு பொருளைத் தூக்குவது எப்படி இருக்கும் என்று மனசு விளையாட ஆரம்பித்துவிடுகிறது. இதற்குப் பகடை எதற்கு? லிஃப்ட் ஐடியாவையும் இப்படிச் சுருக்கிச் சொல்லியிருந்தால் ஓட்டு கூடியிருக்கும்.

பிக்சல்பாண்டி:
நீங்கள் சொன்னதில் பிளேயர் என்ன செய்கிறார் என்பது இருக்கிறது ப்ரோ, சோழர் கேமில் அதுதானே இல்லை. இன்னொன்று, நார்பாகுலர் டிராப். அமெரிக்காவில் கேம் செய்யக் கற்றுக்கொடுக்கும் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005இல் செய்தது, ஒரு சுவரில் வாசல் திறந்து இன்னொரு சுவர் வழியாக வெளியே வருவது. ஆடக்கூடிய கேமாகவே காட்டினார்கள், வால்வ் என்ற கேம் கம்பெனி அந்த டீமையே வேலைக்கு எடுத்துக்கொண்டது, அதே ஐடியாவில் 2007இல் போர்ட்டல் கேம் வந்தது. அதை ஸ்லைடில் எழுதியிருந்தால் யாருக்கு என்ன புரிந்திருக்கும்?

சாயங்காலடீ:
பாண்டி தம்பி, நார்பாகுலர் டிராப் கடைசி வருட ப்ராஜெக்ட், செய்து முடித்த பிறகு காட்டியது. உங்கள் வகுப்பில் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பிட்ச். இரண்டும் ஒன்றா? அதே 2005இல் அமெரிக்காவின் யுஎஸ்சி பல்கலைக்கழக மாணவர்கள் செய்த கிளவுட் கேம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கும் சிறுவன் கனவில் பறந்து மேகங்களைச் சேர்க்கிறான், அந்தப் பறக்கிற சுகம்தான் கேமே. அந்த டீமில் இருந்த ஜெனோவா சென் அங்கிருந்து கிளம்பித்தான் பிற்பாடு 2012இல் ஜர்னி என்ற கேம் வரை வந்தார். சோழியை வைத்துக் கிளவுடை எப்படிக் காட்டுவீர்கள்? உங்கள் விதிப்படி அது முதல் சுற்றிலேயே அவுட். என்னைக் கேட்டால் ஸ்லைடைவிட ஓட்டுதான் வில்லன். நண்பனுக்குக் குத்துவான், இல்லையென்றால் வேலை தேடும்போது காட்டுகிற தன் போர்ட்ஃபோலியோவில் பளபளப்பாகத் தெரியும் கேமுக்குக் குத்துவான். ஓட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிட்ச்சுக்கும் பின்னால் 5 நிமிடம் குடையட்டும்: முதல் அரை நிமிடத்தில் பிளேயர் என்ன செய்வார், இதை யார் வரைவது, யார் ப்ரோக்ராம் எழுதுவது.

கடன்வாங்கியகோடர்:
இது சரி. ஆனால் குடைந்தால் கூச்சப்படுகிறவர்கள்தான் முதலில் சுருண்டுவிடுவார்கள், வாய்க்காரன் அதையும் சமாளிப்பான். ஆமாம் பாண்டி, சோழர் கேமின் அந்த ஐந்து நகரத்தை யார் கம்ப்யூட்டரில் மாடல் செய்வது என்று நீங்கள் கேட்டீர்களா?

பிக்சல்பாண்டி:
கேட்டேனே. ரெடிமேட் மாடல்கள் விற்கிற அசெட் ஸ்டோரில் வாங்கிக்கொள்ளலாம் என்றான் அந்த சோழர் கேம்காரன். அங்கே தேடிப் பார்த்தால் வைக்கிங் கிராமம்தான் வரிசையாக வருகிறது, நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு எங்கே போவது? கொடுமை என்னவென்றால் என்னை அந்த டீமில்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு துறைமுகம், ஒரு கப்பல் போதும் என்று மல்லுக்கட்டி அதுவரைக்கும் இறக்கிவிட்டேன். மல்டிபிளேயரை மட்டும் விடவே மாட்டேன் என்கிறான்.