டிடபிள்யூ ஹைட்ரே தினம் ஒரு அளவு காட்டுகிறது, கேமரா கோளாறா?

சாட்ஸ்வர்த்_குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். டர்பனில் வீட்டுப் பின்புறத்திலிருந்து 8 அங்குலத் தொலைநோக்கியில் டிடபிள்யூ ஹைட்ரே என்ற நட்சத்திரத்தின் பிரகாசத்தை அளக்கிறேன். முந்தாநாள் பிரகாச எண் 11.2 வந்தது, நேற்று 10.9 (எண் குறைந்தால் ஒளி அதிகம்). ஒரே ராத்திரிக்குள்ளும் லேசாக ஆடுகிறது. சென்சார் போய்விட்டதா? கடல் காற்றில் ஈரம் வேறு.

ஃபீனிக்ஸ்_ராஜ்:
கண்ணாடியில் பனி பிடித்திருக்கும். ஹீட்டர் பட்டை சுற்றிப் பாருங்கள்.

மாரிட்ஸ்பர்க்_செல்வி:
பனி என்றால் படத்தில் உள்ள எல்லா நட்சத்திரமும் சேர்ந்துதானே மங்கும்? தம்பி, பக்கத்தில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்.

சாட்ஸ்வர்த்_குமரன்:
பார்த்துவிட்டேன் அக்கா. அவை இரண்டும் 0.02-க்குள் நிற்கின்றன. இது மட்டும்தான் ஆடுகிறது.

மாரிட்ஸ்பர்க்_செல்வி:
அப்போ கேமராவை விடு, நட்சத்திரமே அப்படித்தான். சுமார் 200 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் இளசு அது, வயது ஒரு கோடி ஆண்டுக்குள். சுற்றிலும் வாயுவும் தூசியும் கலந்த வட்டு இருக்கிறது. 2016-இல் சிலியில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி எடுத்த படத்தில் அதன் வளையங்கள் தெளிவாகத் தெரியும். அந்த வட்டு நட்சத்திரத்தைத் தொடும்வரை போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. நட்சத்திரத்தின் காந்தப்புலம், அதன் ஆரத்தைப் போல் சில மடங்கு தூரத்திலேயே வட்டை நிறுத்திவிடும். அங்கிருந்து வாயு காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் துருவப் பக்கமாக விழுகிறது. மோதுகிற இடம் சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடாகி, நீலத்திலும் புற ஊதாவிலும் பளிச்சிடும். வரத்து ஒரே சீராக இருப்பதில்லை. கூடினால் ஒளி ஏறும், குறைந்தால் இறங்கும். நட்சத்திரம் சுழலும்போது அந்தச் சூட்டுப் பொட்டு நம் பக்கம் வந்து போவதும் கொஞ்சம் சேர்கிறது.

ஃபீனிக்ஸ்_ராஜ்:
தூசி குறுக்கே வந்து மறைக்கலாமே?

மாரிட்ஸ்பர்க்_செல்வி:
நல்ல கேள்வி. வேறு சில இளம் நட்சத்திரங்களில் நடப்பது அதுதான். ஆனால் இதன் வட்டு கிட்டத்தட்ட முழு முகத்தையும் நமக்குக் காட்டி நிற்கிறது, அதனால் குறுக்கே தூசி வர வழி குறைவு.

சாட்ஸ்வர்த்_குமரன்:
எவ்வளவுதான் விழுகிறது அக்கா?

மாரிட்ஸ்பர்க்_செல்வி:
ஆண்டுக்குச் சூரிய நிறையில் 100 கோடியில் சில பங்கு. கொஞ்சம்தான், வட்டு உள்ள இளசுகளில் இதற்கு வயது கூடுதல்! எஃப்யூ ஓரியோனிஸ் என்ற இன்னொரு இளம் நட்சத்திரம் 1936-37-இல் நூறு மடங்குக்கு மேல் பிரகாசமானது. வட்டிலிருந்து வாயு மொத்தமாகக் கொட்டியதால் வந்தது அது. இன்னும் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

ஃபீனிக்ஸ்_ராஜ்:
வாயு ஏன் நேராகவே உள்ளே விழுவதில்லை?

மாரிட்ஸ்பர்க்_செல்வி:
சுழல்கிறதே. அந்தச் சுழற்சி உந்தத்தை வெளியே தள்ளினால்தான் உள்ளே நகர முடியும். வட்டுக்குள் எழும் கொந்தளிப்பு தள்ளுகிறதா, காந்தப்புலம் வட்டிலிருந்து கிளப்பும் வாயுக் காற்று அள்ளிக்கொண்டு போகிறதா என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது.

குமரன் தம்பி, சந்தேகம் தீர நீல ஃபில்டரிலும் சிவப்பிலும் மாற்றி மாற்றி எடு. ஆட்டம் நீலத்தில் பெரிதாக வந்தால் சூட்டுப் பொட்டுதான். நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்துக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடு, காற்று நீலத்தைத்தான் அதிகம் தின்னும். ஒப்பிடும் நட்சத்திரமும் ஏறக்குறைய இதே நிறத்தில் இருக்கட்டும்.

சாட்ஸ்வர்த்_குமரன்:
சரி அக்கா. நீல ஃபில்டர் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன், வந்ததும் படங்களைப் போடுகிறேன்.