சுடுகுழையும் பாத்திக் காப்பும்

இழை: பாலிமர் க்ளே, பிரேஸ்லெட் பிளாங்க் – தமிழில் என்ன சொல்லலாம்?

மதுரையிலிருந்து:

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கே பெண்களுக்குக் கைவினை நகை வகுப்பு எடுக்கிறேன். சுடுமண் நகையில் தொடங்கினோம், இப்போது பாலிமர் க்ளேக்கு வந்திருக்கிறோம். வகுப்புக்காக நாலு பக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், சாமான் பட்டியலிலேயே பேனா நின்றுவிட்டது. முதல் பொருள் பாலிமர் க்ளே. இரண்டாவது பிரேஸ்லெட் பிளாங்க். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பித்தளையிலோ அலுமினியத்திலோ மணிக்கட்டு அளவுக்கு வளைத்து, வேலைப்பாடு எதுவும் இல்லாமல் விற்கிற காப்புதான் இந்தப் பிளாங்க். சிலவற்றில் இரண்டு ஓரமும் எழும்பி நடுவில் பள்ளமாக இருக்கும். சில வெறும் பட்டை. அதன்மேல் க்ளேயை அமர்த்தி, ஓவனில் சுட்டு, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுகிறோம்.

பாலிமருக்குப் பாடநூலில் பலபடி என்று இருக்கிறதே என்று, 'பலபடிக் களிமண் கைவளை வெற்று' என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டினேன். "என்னக்கா, பத்திர ஆபீஸ்ல எழுதின மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது சரிதான். உதவி செய்யுங்கள்.

கோவையிலிருந்து:

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டு வேதியியல் சொல்லிக்கொடுத்துப் பழகிய வாய். அதனால் முதலில் பொருளைப் பற்றிப் பேசிவிடுகிறேன், சொல் பிறகு வரட்டும்.

இந்தக் களிமண்ணில் மண்ணே கிடையாது. தண்ணீர்க் குழாய்க்கு ஆகிற அதே பாலிவினைல் குளோரைடுதான், பொடியாக இருக்கிறது. அதோடு நெகிழ்வூட்டி என்கிற எண்ணெய் போன்ற திரவம், நிறமி, கொஞ்சம் நிரப்புப் பொருள். கையில் மாவு மாதிரி இருப்பதற்குக் காரணம் அந்த நெகிழ்வூட்டி. ஓவனில் வைத்ததும் பொடியின் துகள்கள் திரவத்தை உறிஞ்சி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உடலாகிவிடும். ஆறினால் கெட்டி. ஓவனுக்குள் புதிதாகப் பலபடி எதுவும் பிறப்பதில்லை, அது ஆலையிலேயே பிறந்து வந்தது. ஆகவே 'பலபடியாகும் களி' என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே தடுத்துவிடுகிறேன்.

வெப்பம் பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ். உறையில் போட்டிருக்கும் அளவை மட்டும் நம்புங்கள், பக்கத்து வீட்டு அளவை நம்பாதீர்கள். மீறிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்து மூக்கை எரிக்கும். வகுப்பில் ஜன்னல் திறந்திருக்கட்டும். சுடுமண்ணுக்கோ 700, 800 டிகிரி சூளை வேண்டும். அது வேறு பொருள், வேறு மாற்றம். கீழடியில் கிடைத்த சுடுமண் மணிகளைப் பற்றிப் படித்த பிள்ளை, இதையும் மண் என்று சொன்னால் குழம்பிப்போகும். மண் என்ற சொல்லே இதில் வரக்கூடாது என்பது என் பிடிவாதம். 'நெகிழிக் களி' என்று வைத்துக்கொள்ளலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பொலிமரை எங்கள் பாடநூல்கள் பல்பகுதியம் என்கின்றன, உங்கள் நூல்கள் பலபடி என்கின்றன. இந்தச் சண்டையை நகைக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதற்காகவே வேதியியலை விட்டுவிட்டு வேறு வழி தேடலாம்.

அடுத்து, கைவளை. இங்கே பெண்கள் கையில் போடுவது எல்லாமே காப்புத்தான். கண்ணாடிக் காப்பு, தங்கக் காப்பு. வளையல் என்று சொன்னால் படம் பார்த்துக் கெட்டுப்போன பிள்ளை என்பார்கள். கடகம் என்ற பழைய சொல்லை யாராவது தூக்கிக்கொண்டு வருவீர்கள், அதற்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கடகம் எங்களுக்குப் பனையோலைப் பெட்டி.

ஓவனில் சுடுவதற்கு வெதுப்புதல் என்ற சொல் இருக்கிறது. பேக்கரிக்கு வெதுப்பகம் என்று பலகை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'வெதுப்புகளி' எப்படி?

நாகர்கோவிலிலிருந்து:

கோவை ஐயா எழுதியது:
> 'நெகிழிக் களி' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, களி என்றால் பாதிப் பேருக்குத் திருவாதிரை, மீதிப் பேருக்கு ஜெயில். நகைக் கடையில் போய் 'களிக் காப்பு இருக்கா' என்று கேட்டால் காப்பு வேறு விதமாக மாட்டப்படும்.

எங்கள் வீடு வடசேரியில் கோயில் நகை செய்த வீடு. நான் பட்டறையை விட்டுவிட்டு கணினிக்கு வந்தவன், ஆனாலும் அரக்கு வாசனை மூக்கில் இருக்கிறது. உலோகத்தையும் மெழுகு போன்ற ஒரு பொருளையும் சேர்த்து நகை செய்வது நமக்குப் புதிதல்ல. உள்ளே பொள்ளலான நகைக்குள் அரக்கை உருக்கி வைப்பார்கள், எடை போடும்போது அரக்கு எடை என்று சண்டை வரும். அதனால் முதலில் 'அரக்கு' என்ற சொல்லையே விரித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். ஒத்துவரவில்லை. அரக்கு சூட்டில் இளகி, ஆறினால் இறுகும். மறுபடி சூடு காட்டினால் மறுபடி இளகும். இது ஒருமுறை சுட்டால் முடிந்தது, திரும்பப் பிசைய முடியாது.

பிறகுதான் 'குழை' தோன்றியது. குழைத்தல் என்றால் பிசைந்து பதமாக்குவது. சோறு குழைந்தது, சந்தனம் குழைத்தார். அதே சொல்லுக்குக் காதணி என்றும் பொருள். தென்திருப்பேரையில் பெருமாளுக்கே மகரநெடுங்குழைக்காதன் என்று பெயர். பிசைகிற பொருளும் அணிகிற நகையும் ஒரே சொல்லில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. இதைவிட என்ன வேண்டும்?

வேதியியல் பெயர் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. ஜெர்மனியில் பொம்மை செய்து புகழ்பெற்ற கேத்தே குரூசேயின் மகள் வீட்டில் வைத்துப் பார்த்த கலவையைத்தான் 1964-இல் ஏபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் வாங்கி, ஃபிமோ என்று விற்றது. அந்த மகளின் செல்லப்பெயர் ஃபிஃபி. அதன் முதல் எழுத்துதான் ஃபிமோவில் இருக்கிறது. அவர்களே செல்லப்பெயரில் கடத்திவிட்டார்கள், நாம் ஏன் மூலக்கூறில் போய் முட்டிக்கொள்ள வேண்டும்?

பிளாங்குக்கு: அணி செய்யாத நிலைக்கு மூளி என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. மூளிக் காப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

குழை அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஆட்டுக்கு வெட்டிப் போடுவதும் குழைதான். 'குழைக் காப்பு' என்றால் பலா இலையில் செய்ததா என்று கேட்பார்கள். முன்னால் ஏதாவது ஒட்டு வேண்டும்.

மதுரையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. மடல்களை வகுப்புக்கே எடுத்துக்கொண்டு போய் வாசித்தேன். இரண்டு மணி நேர வகுப்பு மூன்றரை மணி நேரமாகிவிட்டது.

முதலில் மூளி. நாகர்கோவில் தம்பி, நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் அந்தச் சொல்லை யார் மேல் எறிவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? என் வகுப்பில் கணவனை இழந்த பெண்கள் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கிற பொருளுக்கு அந்தப் பேரை வைக்க மாட்டேன். 'வெறுங்காப்பு' என்றும் எழுதிப் பார்த்தேன், அதிலும் அதே வாடை லேசாக அடிக்கிறது.

அடுத்து வெதுப்பு. யாழ்ப்பாணத்து ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் வெதுவெதுப்பு என்றால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர். இந்த வேலையில் பிள்ளைகள் செய்கிற முக்கியமான தப்பே சூடு போதாமல் எடுப்பதுதான். மேலே கெட்டியாக இருக்கும், உள்ளே துகள்கள் முழுசாக ஒட்டியிருக்காது, நாலு நாளில் பிஸ்கட் மாதிரி உடையும். அந்தச் சொல்லைக் குறிப்பில் போட்டால் இன்னும் பத்துக் காப்பு உடையும். சுடு என்றே இருக்கட்டும்.

ஆகவே 'சுடுகுழை'. ஆட்டுக் குழையோடு குழம்பாது. கோவை ஐயா கேட்டபடி மண்ணும் இல்லை. இன்னொரு வசதி, இது வினைத்தொகை. சுட்ட குழை, சுடுகிற குழை, சுடும் குழை மூன்றும் அடங்கும். பாக்கெட்டில் இருக்கிறதும் சுடுகுழை, கையில் மாட்டியதும் சுடுகுழை. வேறுபடுத்த வேண்டும் என்றால் பச்சை என்று சேர்த்துக்கொள்கிறோம். சூளையில் வைக்காத பானையைப் பச்சைப் பானை என்பதுபோல. குறளில்கூட பசுமட்கலம் என்று வருகிறதே, அதே பச்சை.

சொல்லை வைத்துப் பார்த்தபோது பக்கத்துப் பொருள்களும் வரிசையில் வந்து நின்றன. காற்றில் தானாகக் காய்கிற க்ளே உலர்குழை. இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்தால் இறுகுகிற எபாக்ஸி வகை இருகூட்டுக் குழை. கடையில் மூன்றையும் 'க்ளே' என்றே கொடுத்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பெண் உலர்குழையை ஓவனில் வைத்து வெடிப்பு விழுந்து அழுதாள். பெயரிலேயே சொல்லியிருந்தால் வைத்திருக்க மாட்டாள்.

இனி பிளாங்க். இதில்தான் நிறைய நேரம் போனது. காரணம், பிளாங்க் என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான் இருக்கிறது, இரண்டிலும் வேலை வேறு. குழை வழவழப்பான உலோகத்தில் ஒட்டாது. ஒட்டியதுபோல் ஓவனிலிருந்து வரும், ஆறியதும் தட்டினால் கழன்று விழும். ஓரம் எழும்பிய வகையில், அந்த ஓரம் குழையைப் பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து, வெள்ளைப் பசையை மெல்லப் பூசிக் காயவிட்டு, அதற்கு மேல்தான் குழையை அழுத்துகிறோம். வெறும் பட்டையாக இருந்தால் பிடிப்பே கிடையாது. பட்டை மேலேயே வைத்துச் சுட்டு, வளைவு வாங்கியதும் கழற்றி, உலோகத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எபாக்ஸிப் பசை போட்டு ஒட்டுகிறோம். சுட்ட பிறகு காப்பை விரிக்கவோ நெருக்கவோ கூடாது, குழையில் கீறல் விழும். அதனால் அவரவர் கைக்கு அளவு பார்ப்பதெல்லாம் முதலிலேயே.

எழும்பிய ஓரத்தை என்ன சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். வயசான அம்மா ஒருவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறார். காப்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன, ரெண்டு பக்கமும் வரப்பு போட்டு பாத்தி கட்டிக் குடுத்திருக்கான், நாம வெதைக்க வேண்டியதுதான" என்றார். அதற்கப்புறம் அங்கே விவாதமே நடக்கவில்லை.

பாத்திக் காப்பு. ஓரம் இல்லாதது பட்டைக் காப்பு. 'பிளாங்க்' என்பதைத் தனியாக மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது. பாத்தி என்றாலே இன்னும் விதைக்கவில்லை என்பது அதற்குள் இருக்கிறது அல்லவா?

கோவையிலிருந்து:

பாத்திக் காப்புக்கு என் முழு ஓட்டு. பட்டைக் காப்பில் ஒரு சின்னச் சிக்கல்: வேலை முடிந்த காப்பையும் பட்டைக் காப்பு என்போமே? அங்கே வேண்டுமானால் 'அடிப்பட்டை' என்று போடுங்கள்.

சுடுகுழை என்றதும் எனக்குச் சுடுகாடு ஞாபகம் வந்தது, வயதாகிறது. ஆனால் வினைத்தொகைக் கணக்கில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது விளக்கத்தில் பலபடி என்ற சொல்லையும் ஒரு வரி சேருங்கள். பின்னால் யாராவது வேதியியல் மாணவர் தேடினால் கிடைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வெதுப்பு தோற்றதில் வருத்தம், காப்பு உடைகிற கதையைப் படித்தபின் வருத்தம் குறைந்தது. பாத்தி இங்கும் பாத்திதான். வரப்பு மட்டும் எங்களுக்கு வரம்பு. பட்டியலில் இரண்டையும் போடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா, மூளிக்கு மன்னிக்கவும். எழுதும்போது ஓசை மட்டும்தான் காதில் இருந்தது. ஒரு கேள்வி: பல நிறக் குழையை அடுக்கி உருளையாக்கி, குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் அதே பூ வருமே, அந்த உருளைக்கு ஆங்கிலத்தில் கேன் என்கிறார்கள். அதற்கும் இப்போதே ஒன்று யோசித்துவிடலாமா? நறுக்கிய துண்டைச் சீவல் என்று சொல்லலாம், பாக்குச் சீவல் மாதிரி. உருளைக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை.

மதுரையிலிருந்து:

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி. கேனுக்குப் புது இழை தொடங்குங்கள், இதிலேயே சேர்த்தால் தேடும்போது சிக்காது. சீவலை நாங்கள் இப்போதே எடுத்துக்கொண்டோம்.

குறிப்பை அச்சடித்துப் பதினெட்டுப் பேருக்குக் கொடுத்தாகிவிட்டது. மூன்று வாரமாகிறது. உள்ளதைச் சொல்கிறேன்: சுடுகுழை என்று எழுதுகிறார்கள், வாயில் இன்னும் 'க்ளே'தான். நானே இரண்டு தடவை மாற்றிச் சொல்லிவிட்டேன். அடிப்பட்டையை ஒருத்தி அடிபட்டது என்று படித்து, எந்தக் காப்பு அடிபட்டது என்று தேடினாள், அதைப் 'பட்டை' என்று சுருக்கிவிட்டோம். கோவை ஐயா பொறுத்துக்கொள்ளவும்.

பாத்தியை மட்டும் யாரும் மறக்கவில்லை. நேற்று உப்புத்தாளை நனைக்கத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து, "அக்கா, எங்க பாத்திக்கு மொதல்ல பாய்ச்சுங்க" என்று ஒரு குரல்.