நான்கு கம்பிகளில் ராஜா: உகுலேலே வாசிக்கும் நம் அனுபவங்கள்

கோவையிலிருந்து, இழையைத் தொடங்குபவர்

மூன்று வருடமாக உகுலேலே வாசிக்கிறேன். பார்க்கக் குட்டிக் கிதார் மாதிரி இருக்கும், நான்கு கம்பி வாத்தியம். வாசிப்பது எல்லாம் இளையராஜா பாட்டுதான். சமையலறை மேடையில் அரிசி டின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்து போடுவேன். நம்மில் பலரும் இப்படித்தான். அவரவருக்கு ஏதாவது ஒரு பாட்டோடு நடந்த கதை இருக்கும், அதை இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'. கிதார் வாசித்தவர் சந்திரசேகர். கிதார் கற்கும் எல்லோரும் ஒருநாள் அந்தப் பாட்டின் வாசலில் போய் நிற்பார்கள். நான் உகுலேலேயோடு போய் நின்றேன். சிக்கல் என்னவென்றால், கிதாருக்கு ஆறு கம்பி, நமக்கு நான்கு. அதிலும் நான்காவது கம்பி, தடித்த கம்பி இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு மேலே இருக்கும் ஜி என்ற மேற்கத்திய சுரத்தைப் பேசும். வழக்கமான சுருதியில் மிகத் தாழ்ந்த ஒலி மூன்றாவது கம்பியின் சி. பியானோவின் நடு சி அது. அதற்குக் கீழே நமக்கு எதுவும் கிடையாது.

கிதாரில் கட்டைவிரல் போகும் ஆழத்தை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். பதிவும் போட்டேன். சுரமெல்லாம் சரியாக இருந்தது, பாட்டைத்தான் காணவில்லை.

இரண்டு நாள் கழித்து சேலத்திலிருந்து ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். மெல்லிசைக் குழுவில் 30 வருடம் கிதார் வாசித்து ஓய்ந்தவர். "கீழே தேடாதேம்மா. உன் வாத்தியத்தில் கீழே இல்லை. மேலே ஒரு ஜி சும்மா கிடக்கே, அதை மணி மாதிரி ஒலிக்க விடு" என்றார். அடுத்தடுத்து வரும் சுரங்களை ஒரே கம்பியில் எடுக்காமல் வேறு வேறு கம்பிகளில் எடுக்கச் சொன்னார். அப்படி எடுத்தால் முந்தைய சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துகொள்ளும். இந்த முறைக்குக் கம்பனெல்லா என்று பெயர். இத்தாலியில் சின்ன மணி என்று பொருள். அண்ணனுக்கு அந்தப் பெயர் தெரியாது. கோயில் திருவிழா மேடைகளில் பழகிய காது அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அந்தப் பாட்டுக்கு முன்னால் கட்டைவிரலைப் பேன்ட்டில் இரண்டு முறை துடைத்துக்கொள்வாராம். அந்த ஆரம்ப இசையில் கூட்டம் பாடகரை விட்டுவிட்டுக் கிதார்காரர் கையைத்தான் பார்க்கும், வியர்வையில் விரல் வழுக்கிவிடக் கூடாது என்பதற்காக. இப்போது நானும் துடைத்துக்கொள்கிறேன். இரண்டாவது பதிவில் மொத்தச் சுரங்களில் பாதியைத்தான் வாசித்தேன். அண்ணன் கேட்டுவிட்டு, "வந்துடுச்சு" என்று ஒரே ஒரு சொல் அனுப்பினார்.

தஞ்சாவூரிலிருந்து

நான் கர்நாடக சங்கீதம் பாடுகிறவள். உகுலேலே என் பெண்ணுக்கு வாங்கியது. அவள் கல்லூரி விடுதிக்குப் போனபின் என் கைக்கு வந்தது.

'சிந்து பைரவி'யில் (1985) வரும் 'கலைவாணியே' கல்யாணி ராகம். ஆனால் ஆரோகணம் மட்டும்தான். பாட்டு முழுக்க சுரங்கள் ஏறிக்கொண்டே போகும். மேலே போய் முடித்துவிட்டு, மறுபடி கீழிருந்து தொடங்கும். படியிறங்குவது என்பதே கிடையாது. இதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் கல்யாணி இந்தக் குட்டி வாத்தியத்தில் எவ்வளவு பாந்தமாக உட்காருகிறது என்று தெரிந்தது. மூன்றாவது கம்பியைத் திறந்து மீட்டினால் ஷட்ஜம், அதிலேயே இரண்டாவது ஃபிரெட் (கழுத்தில் பதித்த குறுக்குக் கட்டம்) ரிஷபம். இரண்டாவது கம்பி திறந்தால் காந்தாரம், இரண்டாவது ஃபிரெட்டில் பிரதிமத்யமம். பஞ்சமத்துக்கு நான்காவது கம்பி. முதல் கம்பியில் தைவதம், நிஷாதம், மேல் ஷட்ஜம். முழு ஸ்தாயியும் மூன்று ஃபிரெட்டுக்குள் முடிந்துவிடுகிறது. விரலை நீட்டவே வேண்டாம்.

நான் பாடும் சுருதி, கட்டைக் கணக்கில், ஐந்தரைக் கட்டை. வாத்தியமோ ஒரு கட்டையில் நிற்கிறது. அதனால் பாடவில்லை, வாசிக்க மட்டும் செய்தேன்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்து ஒலிக்கவைப்பதுதான் தகராறு. கம்பியும் நைலான், நீளமும் குறைவு. வீணைக் கம்பியை இழுப்பதுபோல் இழுத்தால் சுரம் அசைந்தே கொடுக்காது. சறுக்கித்தான் ஆகவேண்டும். நிஷாதத்தை மொட்டையாக விட மனசு வராமல், மூன்றாவது ஃபிரெட்டின் ஷட்ஜத்தைத் தொட்டு இரண்டாவதுக்குச் சறுக்கினேன். அதைக் கேட்ட ஒரு தம்பி, "அக்கா, இறங்கவே கூடாத பாட்டில் இறங்கிவிட்டீர்களே?" என்று எழுதினார். எவ்வளவு நல்ல கேள்வி! அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை. அசைவு வேறு, அவரோகணம் வேறு என்பதுதான் என் முடிவு. நிஷாதத்தின் உயிரே அந்த அசைவில் இருக்கிறது. ஆனாலும் அடுத்த பதிவில் சறுக்கலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். தம்பி சொன்னதில் கால்வாசியாவது நியாயம் இருந்தது.

ஓசூரிலிருந்து

'கண்ணே கலைமானே'. பதினோரு மாதக் குழந்தை. நகம் படாமல் கட்டைவிரல் சதையால் மட்டும் வருடினால்தான் தூங்குவாள். நகம் பட்டால் கண்ணைத் திறந்துவிடுவாள். நான் பதிவு எதுவும் போட்டதில்லை, போடவும் வழியில்லை. எல்லாமே இருட்டில்தான் நடக்கிறது.

டொராண்டோவிலிருந்து

இதை எழுதலாமா என்று கனநாள் யோசித்தேன். எனக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். தொண்ணூறுகளில் அங்கே மின்சாரம் இல்லை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கேசட் பிளேயருக்குக் கொடுப்போம். நானும் அண்ணாவும் மாறி மாறிச் சுற்றுவோம். அம்மம்மா திண்ணையில் இருந்து கேட்பார். கை களைத்து வேகம் குறைந்தால் பாட்டும் இழுபட்டுக் கீழே இறங்கும். "சுத்தடா, பாட்டு விழுகுது" என்பார்.

அந்தக் கேசட்டில் இருந்ததுதான் 'மௌன ராகம்' படத்தின் 'மன்றம் வந்த தென்றலுக்கு'. எத்தனை நூறு தரம் கேட்டிருப்பேனோ தெரியாது.

இங்கே வந்து கனகாலம் கழித்து உகுலேலே வாங்கி, அந்தப் பாட்டை நினைவிலிருந்தே எடுத்தேன். பிறகு இணையத்தில் மூலப் பாட்டைப் போட்டு அதோடு சேர்ந்து வாசித்தால் பொருந்தவில்லை. பாட்டு எனக்கு மேலே நின்றது. வேகமும் கூட. கம்பிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். இவ்வளவு காலமும் நான் மனதுக்குள் பாடிக்கொண்டிருந்தது எங்கள் கை சுற்றிய வேகத்துப் பாட்டு. அண்ணா இப்போது இல்லை.

மூலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்தான். எனக்கு மனமில்லை. நான்கு கம்பிகளையும் அரைக்கட்டை இறக்கிக் கட்டி, அந்தச் சுருதியிலேயே, அந்த வேகத்திலேயே வாசித்துப் போன மாதம் பதிவு போட்டேன். 'சுருதி குறைவாக இருக்கிறதே' என்று இருவர் எழுதினார்கள். அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான்.

சென்னையிலிருந்து

டொராண்டோ அண்ணாவுக்கு. ஒலிப்பதிவு வேலை செய்கிறவன் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். கேசட் நாடா ஏறத்தாழ 6 சதவீதம் மெதுவாக ஓடினால் சுருதி சரியாக அரைக்கட்டை இறங்கும், வேகமும் அதே அளவு குறையும். உங்கள் பதிவையும் மூலப் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுருதி, வேகம் இரண்டும் அந்தக் கணக்குக்கு மிக அருகில் இருக்கின்றன. இத்தனை வருடம் கழித்தும் உங்கள் காது அந்த டைனமோவை அப்படியே வைத்திருக்கிறது.

திருச்சியிலிருந்து

எனக்கு 64 வயது. கிதார்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். விரல் மூட்டு வலி வந்தபின் இரும்புக் கம்பியை அழுத்த முடியவில்லை. பேத்தி நைலான் கம்பி போட்ட கான்சர்ட் அளவு உகுலேலேயை மடியில் வைத்தாள். எஃப் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கக் கிதாரில் ஒரு விரலைப் படுக்கப் போட்டு ஆறு கம்பியையும் நசுக்குவோமே, இங்கே இரண்டே விரல் போதும். அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் வாசிப்பது 'என் இனிய பொன் நிலாவே'. ராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி'யில் (1980) வந்தது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏ மைனரில் வைத்துக்கொண்டேன், யேசுதாஸ் குரலை நினைத்தபடி மெதுவாகப் போகிறேன்.

பதிவேற்றிய மறுநாளே உரிமை கோரி அறிவிப்பு வந்தது. பயந்துபோய் அழித்துவிட்டேன். பிறகு பேரன் விளக்கினான்: பாட்டு எடுபடாது, விளம்பர வருமானம் ஏதாவது வந்தால் அது உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். போகட்டும், பாட்டு அவர்களுடையதுதானே. திரும்பப் போட்டேன். இது தெரியாமல் அழித்துவிட்டவர்கள் இருந்தால், அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சிலவற்றை நிஜமாகவே எடுக்கச் சொல்வார்கள், எல்லாம் அப்படி இல்லை.

மறுபடியும் கோவை

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஓசூர் தம்பி, நீங்கள் பதிவு போடவே வேண்டாம்.

சேலம் அண்ணனிடம் டொராண்டோ பதிவைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதை எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாமே" என்றார். செய்வோம். இணையத்தில் நேரலையில் சேர்ந்து வாசிக்க வழியில்லை. ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்குப் போய்ச் சேருவதற்குள் தாளம் நழுவிவிடும். அதனால் டொராண்டோவின் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டில் அவரவர் பகுதியை எடுப்போம். தொடங்கும் முன் ஒரு கைத்தட்டல் கட்டாயம், சென்னைத் தம்பி அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கோப்பார்.

சேலம் அண்ணன் நான்காவது கம்பியைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்த ஜி கம்பி வாங்கி மாட்டப் போகிறார். அடியில் போகும் பேஸ் அவருடையது. தஞ்சாவூர் அக்காவுக்கு இடையிசை, திருச்சி அய்யாவுக்கு ஸ்ட்ரம்மிங்.

சுருதி விஷயம். மூலத்தின் சுருதி வேண்டாம். எல்லோரும் நான்கு கம்பியையும் அரைக்கட்டை இறக்கிக் கட்டுங்கள். நைலான் உடனே நிற்காது, ஒரு நாள் முன்னதாகவே இறக்கி வைத்துவிட்டு, பதிவுக்கு முன் மறுபடி சரிபாருங்கள். நான் நேற்று இரவே இறக்கிவிட்டேன். இன்று காலை பார்த்தால் மூன்றாவது கம்பி மட்டும் துளி ஏறியிருந்தது.