றிவெட், எபொக்சி, பெற்றோல்: சனிக்கிழமை மேசைக்கு வந்த பிழைகள்

கொழும்பை அடுத்த இரத்மலானைப் பக்கம் நடக்கும் சனிக்கிழமைக் கூடலில் ஒரே ஒரு விதிதான். சொந்தமாகச் சின்ன விமானம் கட்டுபவர் செய்த துண்டைக் கையோடு கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் டோர்ச்சும் உருப்பெருக்கியுமாகக் குறை தேடுவார்கள். அடிக்கடி வரும் குறைகளை அவரவர் பகுதியாக எழுதித் தரும்படி கேட்டிருந்தோம், வந்தவை கீழே. கிட்டுக்கு (பொருத்திக் கட்டும் விமானத் துண்டுகளின் தொகுதி) பணம் கட்ட முதல் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம் எழுத்தில் கேளுங்கள். கட்டும் வேலையில் பாதிக்கு மேல் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று வீடியோக்களில் வரும் 51 வீத விதி அமெரிக்க விதி, இங்கே அதைக் காட்டி வாதாட முடியாது.

தகட்டு வேலை பார்ப்பவர்

மேசைக்கு வரும் துண்டுகளில் பாதிக்கு மேல் றிவெட் (தகடுகளைப் பிணைக்க அடிக்கும் தலையுள்ள ஆணி) சம்பந்தமானவைதான். ஏஎன் என்பது அமெரிக்க விமான உறுப்புத் தரம்; ஏஎன்470ஏடி4 றிவெட் என்றால் தண்டு 3.2 மி.மீ. அடித்து முடிந்த பின் மறுபக்கத் தலை அகலத்தில் தண்டைப் போல ஒன்றரை மடங்கு, உயரத்தில் அரை மடங்கு இருக்க வேண்டும். அதாவது 4.8 மி.மீ அகலம், 1.6 மி.மீ உயரம். இதற்கு ஒரு சின்ன அளவுத்தகடு செய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் கண்மதிப்புக்கு வேலையில்லை. நீளம் எடுக்கும்போது தகடுகளின் மொத்தத் தடிப்போடு தண்டின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். துளைக்கு நம்பர் 30 ட்றில். ஹார்ட்வெயார் கடை 3.2 மி.மீ ட்றில் அதைவிட ஒரு மயிரிழை சின்னது. றிவெட் நுழையாமல் சுத்தியலால் தட்டி இறக்கும் ஆசை வந்துவிடும்.

அடித்து வந்த தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பக்கிங் பார் (மறுபக்கம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) நேராகப் பிடிபடவில்லை. கடைத்தலையில், அதாவது வாங்கும்போதே இருக்கும் தலையில், பிறை போல் வெட்டு விழுந்தால் றிவெட் அடிக்கும் துப்பாக்கி சாய்ந்திருக்கிறது. இரண்டு தகட்டுக்கும் இடையில் றிவெட் உப்பி நின்றால் கிளிகோ (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் ஊசிக் கவ்வி) போதவில்லை, அல்லது பிசிறு எடுக்கவில்லை.

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். கொஞ்சம் சாய்ந்த றிவெட்டைக் கழற்றப் போய் துளையை முட்டை வடிவமாக்கினால் முன்பிருந்ததைவிட மோசம். கழற்றத்தான் வேண்டும் என்றால் கடைத்தலையின் நடுவில் பஞ்ச் வைத்து, நம்பர் 40 ட்றிலால் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைத்து, பின் பஞ்சை உள்ளே விட்டு ஒடித்தெடுங்கள். தண்டைத் தட்டும்போது மறுபக்கம் துளையிட்ட மரக்கட்டை பிடிக்க வேண்டும். துளை பெருத்துவிட்டால் அடுத்த அளவான 5-க்கு (தண்டு 4 மி.மீ) போகலாம், ஆனால் துளையின் நடுவிலிருந்து விளிம்புக்குக் குறைந்தது தண்டின் இரு மடங்கு, அதாவது 8 மி.மீ இருக்கிறதா என்று அளந்த பிறகுதான்.

தகட்டில் பென்சிலால் கோடு போடாதீர்கள். பென்சில் கரியும் (கிராஃபைட்) அலுமினியமும் கடற்காற்றின் ஈரத்தில் சேர்ந்தால் அந்தக் கோட்டின் வழியே அரிப்பு தொடங்கும். மார்க்கர் போதும்.

போல்ட் பற்றி ஒருவர் சேர்த்தது

பஞ்சிகாவத்தையில் காருக்கு எல்லாம் கிடைக்கும். விமானத்துக்குரிய போல்ட்டை மட்டும் அங்கே தேட வேண்டாம். 8.8 என்று வலுத்தரம் அடித்த போல்ட் பளபளப்பாக இருக்கலாம். ஆனால் அதில் மரை நீளமாக இறங்கியிருக்கும். மரை பிரக்கெட்டின் துளைக்குள் நின்று அறுக்கும். ஏஎன் இரும்பு போல்ட்டின் தலையில் குறுக்குக்குறி எழும்பி நிற்கும், மரையில்லாத நீளமும் தடிப்புக்குத் தக்கபடி தெரிவு செய்யலாம். ஏஎன்3-க்கு (தண்டு 3/16 அங்குலம்) இறுக்கம் 20 முதல் 25 அங்குல-இறாத்தல், ஏஎன்4-க்கு (1/4 அங்குலம்) 50 முதல் 70. நட் தானாகப் பிடிக்கும் வகையென்றால் வெறுமனே சுற்றும்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து அதையும் கூட்ட வேண்டும். கராஜ் டோர்க் றென்ச்சில் இவ்வளவு சின்ன அளவே கிடையாது. இறுக்கிய பின் நட்டுக்கு வெளியே ஒரு மரையாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் போல்ட் கட்டை.

எபொக்சி வேலை பார்ப்பவர்

எபொக்சி, அதாவது கண்ணாடித் துணியோடு இறுகும் இருபகுதிப் பிசின், கலந்த பின் எவ்வளவு நேரம் இறுகாமல் நிற்கும் என்று டப்பாவில் போட்டிருப்பது 22 பாகை அறைக்கு. கொழும்பில் பகல் 31, 32 பாகை. சூடு 10 பாகை ஏற நேரம் ஏறத்தாழ பாதியாகும். 20 நிமிடம் என்று நம்பி ஆழமான கோப்பையில் கலந்து வைத்தால் பத்தாவது நிமிடத்தில் கோப்பை புகையும். மெதுவாக இறுக்கும் ஸ்லோ ஹார்டனர் (பிசினை இறுக்கும் இரண்டாம் பகுதி) வாங்கி, 100 கிராம் பிசினுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காமல், கலந்த உடனே தட்டையான தட்டில் ஊற்றுங்கள். 5:1 வகை என்றால் 100 கிராம் பிசினுக்கு 20 கிராம் ஹார்டனர், தராசில்தான். சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். மிச்சமாகும் ஹார்டனர் உள்ளேயே மெத்தென்று நிற்கும்.

மழை நாளில் இறுகிய மேற்பரப்பு மெழுகு பூசினாற்போல் வழுக்கும். அது ஈரமும் காற்றிலுள்ள கரியமிலவாயுவும் ஹார்டனரோடு சேர்ந்து வந்த படலம். மணல்தாள் போட்டால் உள்ளே தேய்த்துவிடுவீர்கள், அடுத்த படை ஒட்டாது. முதலில் வெறும் தண்ணீரும் ஸ்கொட்ச்பிரைட்டும், காய்ந்த பிறகே மணல்தாள். ஈரப்பதன்மானி 80-க்கு மேல் காட்டினால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். கண்ணாடித் துணிச் சுருளைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்க வேண்டும்.

கம்பிரசர் தாங்கியின் அடித் திருகைத் தினமும் திறந்து தண்ணீரை இறக்குங்கள், இல்லாவிட்டால் பிரைமரில் மீன்கண் போல் வட்டக் குழிகள் விழும். ஐசோசயனேட் என்ற நச்சு உள்ள டூ-கே (இருபகுதி) பெயின்டுக்குத் துணி மாஸ்க் எந்தப் பயனுமில்லை, வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். எபொக்சி இறக்கைக்கு வெள்ளைப் பெயின்ட்தான். கரும்பச்சை அழகுதான், ஆனால் நம்மூர் வெயிலில் நிறுத்தினால் பிசின் இளகும் சூட்டுக்கே தோல் போய்விடும்.

எஞ்சின் பக்கம்

சின்ன விமானங்களுக்கான ரொடக்ஸ் 912 எஞ்சின் இரண்டு வகை. 80 குதிரைவலு யூஎல்-க்கு 90 ஒக்டேன் போதும், ஆகவே இங்குள்ள 92 சரி. 100 குதிரைவலு யூஎல்எஸ்-க்கு 95-தான். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெற்றோலில் எதனோல் இருக்கிறதா என்று பார்க்க அளவுக்குழாயில் 10 மி.லீ தண்ணீரும் 90 மி.லீ பெற்றோலும் விட்டுக் குலுக்கி வையுங்கள். அடியில் நிற்கும் தண்ணீர் 10-ஐத் தாண்டினால் எதனோல் இருக்கிறது.

பெற்றோல் ஓட்டச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. யூஎல்எஸ் முழு வலுவில் மணிக்கு ஏறத்தாழ 27 லீற்றர் குடிக்கும். பம்ப் உள்ள அமைப்பு அதன் 125 வீதமாவது தர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு சுமார் 560 மி.லீ. தானாக இறங்கும் அமைப்பென்றால் 150 வீதம், நிமிடத்துக்கு 675 மி.லீ. மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி, தாங்கியில் கொஞ்சமே பெற்றோல் இருக்கும்போது, கார்புரேற்றர் முனையில் குழாயைக் கழற்றி அளவுச் சாடியில் பிடியுங்கள். மட்டமான தரையில் பாஸ் ஆனது மூக்குத் தூக்கியதும் பெயிலாவதுண்டு. பெரும்பாலும் தாங்கியின் காற்றுக் குழாய் நசுங்கியிருக்கும். குழாய் எக்ஸோஸ்டுக்குப் பக்கத்தில் போனால் வெயிலில் நின்ற எஞ்சினில் ஆவி அடைக்கும், தள்ளி ஓட்டித் தீயுறை போடுங்கள்.

எண்ணெய் மட்டம் பார்க்க விசிறியை (புரொப்பெல்லர்) கையால் சுற்றும்போது அது ஓடும் திசையில் மட்டும், எண்ணெய்த் தாங்கியில் களகளவென்று சத்தம் வரும்வரை. எதிர்த்திசையில் சுற்றினால் வால்வுப் பக்கம் காற்றேறும். இக்னிஷன் ஓஃப் என்று சுவிட்ச் சொல்வதை நம்ப வேண்டாம். ஏர்த் கம்பி அறுந்திருந்தால் அது ஓஃபே இல்லை. சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு. ஸ்டார்ட் ஆகி 10 விநாடிக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

கடைசிப் பரிசோதனை பார்ப்பவர்

விமானத்தின் ஈர்ப்பு மையம் காண மூன்று தராசு, மட்டமாக்கிய உடல். உதாரணத்துக்கு, தூரம் அளக்கத் தொடங்கும் குறிப்புக்கோட்டிலிருந்து மூக்குச் சக்கரம் 0.50 மீற்றர், அதில் 60 கிலோ. பின்சக்கரங்கள் 1.90 மீற்றர், இரண்டிலும் சேர்த்து 252 கிலோ. 30-ஐயும் 478.8-ஐயும் கூட்டி 312-ஆல் வகுத்தால் ஈர்ப்பு மையம் 1.63 மீற்றர். அது வெற்று விமானத்துக்கு. விமானி, பெற்றோல், பை எல்லாம் ஏற்றி மறுபடி கணக்குப் போடுங்கள், தாங்கி காலியாகும் நிலைக்கும் சேர்த்து.

கேபிள் மாறிக் கோத்த எய்லிரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) கண்ணில் படுவதில்லை, அசைவு அழகாகவே இருக்கும். விமானி இருக்கையிலிருந்து ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுத் தண்டு) பிடித்துக் கட்டைவிரலை மேலே நீட்டுங்கள். ஸ்டிக்கைச் சாய்க்கும்போது விரல் எந்த இறக்கைப் பக்கம் காட்டுகிறதோ அந்த எய்லிரான்தான் மேலெழ வேண்டும். இதைக் கட்டியவர் பார்க்கக் கூடாது. வேறொருவர் உட்கார்ந்து, இன்னொருவர் இறக்கை நுனியில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கேபிளை இறுக்கும் திருகான டேர்ன்பக்கிளில் இரு முனையிலும் மூன்று மரைக்கு மேல் வெளியே தெரிந்தால் கேபிளின் நீளம் பிழை, பூட்டுக்கம்பி போட முதல் திருப்பி அனுப்புங்கள்.