ஓவர்விண்டரிங்: ‘குளிர்காப்பு’ போதுமா?

வணக்கம்.

குளிர்நாடுகளில் செடியைக் குளிர்காலம் முழுவதும் பிழைக்கவைத்து வசந்தத்துக்குக் கொண்டுசேர்ப்பதை ஆங்கிலத்தில் ஓவர்விண்டரிங் (overwintering) என்கிறார்கள். அதற்குத்தான் இங்கே தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். என் வாக்கு எந்தச் சொல்லுக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குளிர்கடப்பு. பலரும் ‘குளிர்காப்பு’ பக்கம் சாய்ந்திருப்பதால், எனக்கு அது ஏன் ஒட்டவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

> செடியைக் குளிரிலிருந்து காப்பதுதானே வேலை? குளிர்காப்பு என்றால் யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ‘வெப்பக்காப்பு’ ஏற்கெனவே இன்சுலேஷனுக்குப் போய்விட்டது. அதே அச்சில் வார்த்த ‘குளிர்காப்பு’ என்றதும், தண்டைச் சுற்றி வைக்கோல் கட்டுவதும் தொட்டிக்குச் சாக்கு போர்த்துவதும்தான் கண்முன் வரும். அது வேலையில் ஒரு பகுதி மட்டுமே.

செடியைக் கொல்வது குளிர் மட்டும் என்றால் ஹீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் முடிந்துபோயிற்றே. அப்படி வைத்த செம்பருத்தியைப் பாருங்கள். வடக்கே 50 பாகை அட்சரேகையில் டிசம்பர் பகல் சுமார் 8 மணி நேரம்தான். அந்தச் சாய்வெயிலும் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருவதற்குள் இன்னும் குறைந்துவிடும். சூடு இருக்கிறது, வெளிச்சம் இல்லை. செடி வெளிறிய, கணுவிடை நீண்ட, தொட்டால் முறியும் கிளைகளை விடும். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து கிடப்பதால் செஞ்சிலந்திப் பேனுக்குக் கொண்டாட்டம். இலை மேல் ஊசியால் குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடக்க ஆரம்பித்தால் அது தூசி இல்லை.

அடுத்தது தண்ணீர். வெளிச்சம் குறைந்தால் இலை நீராவியை விடுவதும் குறையும், வேர் உறிஞ்சுவதும் குறையும். கோடையில் ஊற்றிய அளவையே ஊற்றினால் மண் சொதசொதவென்று நின்று வேர் அழுகும். குளிரில் செத்தது என்று நாம் எழுதிவைக்கும் செடிகளில் பாதி தண்ணீரில் செத்தவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆக, செடி தாண்ட வேண்டியது ஒரு பருவத்தை. குளிர் அந்தப் பருவத்தின் ஒரு குணம். ‘காப்பு’ என்ற சொல் கவனம் முழுவதையும் அந்த ஒன்றின்மேல் திருப்பிவிடுகிறது.

> அப்படியானால் குளிர்கால உறக்கம் என்றே சொல்லலாமே.

அது விலங்குகளின் ஹைபர்னேஷனுக்குப் பாடநூலிலேயே ஏறிவிட்ட சொல். அதோடு, எல்லாச் செடியும் தூங்குவதில்லை. ஈழத்தலரி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் குச்சியாக நிற்கும். உறையாத இடமாக இருந்தால் அதற்கு வெளிச்சம்கூட வேண்டாம், தண்ணீரும் ஏறக்குறைய வேண்டாம். கறிவேப்பிலையும் குளிர்ந்த இடத்தில் இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறியப் போகிறவர்கள் அதற்கு முன் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கல்வாழையில் மேல்பாகம் கருகிப்போகும், கிழங்கைத் தோண்டி எடுத்து வைத்தால் போதும். எலுமிச்சை வகை அப்படி இல்லை; இலையோடு விழித்தே இருக்கும். வேர் சில்லென்றும் இலை மேல் வெயில் சுள்ளென்றும் இருந்துவிட்டால், இலை கேட்கும் நீரை வேரால் கொடுக்க முடியாமல் இலைகளைக் கொட்டும்.

எனவே பொதுச்சொல்லாகக் குளிர்கடப்பு. அதற்குள் உறக்கக் கடப்பு, விழிப்புக் கடப்பு என்று இரண்டு. பராமரிப்பு இந்த இரண்டுக்கும் நேர் எதிர் என்பதால் பிரிவு அவசியம்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில், ஆரஞ்சு வகை மரங்களைக் குளிர்காலத்தில் வைக்கும் கட்டடமான ஆரஞ்சரி 1684-86இல் கட்டப்பட்டது: கனத்த சுவர், தெற்கு பார்த்த பெரிய ஜன்னல்கள். பெட்டியில் வளரும் மரங்கள் மே நடுவில் வெளியே போய் அக்டோபர் நடுவில் உள்ளே திரும்பும். உறையாமல் இருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும். கதகதப்பு பெரிதாக வேண்டாம். விழிப்புக் கடப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

> குளிர்கடத்தல்?

ஆசையாகத்தான் இருக்கிறது. செடி கடக்கிறது, நாம் கடத்துகிறோம். தன்வினை, பிறவினை இரண்டும் ஒரே வேரில் கிடைக்கின்றன. ஆனால் இயற்பியல்காரர் அதை வெப்பக் கடத்தலுக்குத் தம்பி என்று நினைப்பார், சுங்கத்துறைக்காரர் வேறு மாதிரி நினைப்பார். பிறவினைக்குக் ‘குளிர்கடக்க வைத்தல்’ என்றே எழுதிவிட்டுப் போகலாம். ‘குளிர்கடந்த செம்பருத்தி’ என்று பெயரெச்சம் இயல்பாக வருகிறது. ‘குளிர்காத்த செம்பருத்தி’ என்று சொல்லிப் பாருங்கள், யார் யாரைக் காத்தார்கள் என்றே தெரியாது.

கூதிர் (சங்க இலக்கியத்தில் வரும் குளிர்ப்பருவம்) என்பதை முன்னொட்டாக வைக்கலாம் என்ற யோசனை அழகானது, சங்க மணம் உள்ளது. வகுப்பறையில் கூதிர்காலம் நடத்திய தமிழாசிரியர் யாரையாவது கேட்டுவிட்டு முடிவு செய்வோம்.

இதோடு சேர்த்துப் பிரிக்க வேண்டிய இன்னொரு இணையும் உண்டு. வெப்பமண்டலச் செடிகள் பலவற்றுக்கு 0 பாகை வரை போக வேண்டியதில்லை. 10-12 பாகை செல்சியசிலேயே செல்சவ்வு இறுகி, கசிந்து, இலை கருக்கும். செல்லுக்குள் பனிக்கட்டி உருவாவதற்கு முன்பே நடக்கும் சேதம் இது. இதைக் குளிர்க்காயம் என்றும், பனிக்கட்டியால் திசு கிழிவதை உறைக்காயம் என்றும் வைத்துக்கொள்ளலாமா? இப்போது இரண்டையும் ‘பனி தாக்கியது’ என்றே எழுதுகிறோம்.

வசந்தத்தில் செடியை வெளியே எடுத்து, ஓரிரு வாரம் நிழலில் வைத்து மெல்ல வெயிலுக்குப் பழக்குகிறோமே, அந்த ஹார்டனிங்கிற்கு நூல்களில் ‘கடினப்படுத்துதல்’ என்று இருக்கிறது. எனக்கு அது கான்கிரீட் வேலை போலக் கேட்கிறது. நாற்றங்காலில் புழங்கும் சொல் யாருக்காவது தெரிந்தால் தனி இழையில் எழுதுங்கள்.