5,500 ரூபாய்க்கு ஒரு ரேஸ் சைக்கிள்: வாங்கலாமா, விட்டுடலாமா?

கங்கைகொண்டான் ஷிஃப்ட்:
எல்லாருக்கும் வணக்கம். குடியிருப்பது தச்சநல்லூர், வேலை கங்கைகொண்டான் சிப்காட்டில். ஒரு வழிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸை நம்பி நம்பி அலுத்துப் போச்சு, சைக்கிளில் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. பெருமாள்புரத்தில் ஒருவர் ரேஸ் சைக்கிள் விற்கிறார். வளைந்த ஹேண்டில்பார், அலுமினிய ஃபிரேம், 21 கியர். ஏதோ பெரிய பல்பொருள் கடையில், அந்தக் கடையின் சொந்தப் பெயர் ஒட்டி விற்ற வண்டியாம். நாலு வருஷமாக மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. 5,500 சொல்கிறார். இரண்டு படம் போட்டிருக்கிறேன். வாங்கலாமா? சைக்கிளில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை காற்றடிப்பது.

பாளை பழைய பெடல்:
வேண்டாம் தம்பி. பருப்பும் பக்கெட்டும் விற்கிற கடையில் சைக்கிள் எப்படி வருகிறது தெரியுமா? விலையை முதலில் முடிவு பண்ணிவிடுவார்கள். அப்புறம் அந்த விலைக்குள் என்ன பார்ட்ஸ் அடங்குமோ அதை மாட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ரேஸ் சைக்கிள்தான், கையில் எடுத்தால்தான் தெரியும்.

உதாரணத்துக்குப் பின் சக்கரத்தை எடுத்துக்கோங்க. இந்த ரகத்தில் ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) மேல் திருகி மாட்டுகிற ஃப்ரீவீல்தான், அதாவது பின் பல்சக்கரக் கட்டுதான் இருக்கும். அதனால் வலப்பக்க பால்ரஸ் உள்ளே தள்ளி உட்கார்ந்துவிடும், அதற்கு வெளியே ஆக்சில் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். நாலு பள்ளத்தில் இறங்கினால் வளையும், ஒருநாள் ஒடியும். நல்ல வண்டியில் பல்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டுகிற கேசட் ஹப் வரும், அதில் பால்ரஸ் ஓரம் வரைக்கும் இருக்கும்.

நான் பட்டுச் சொல்கிறேன். இதே மாதிரி ஒன்றை 4,000-க்கு வாங்கி, ஆறு மாதத்தில் 5,000 செலவழித்து, கடைசியில் பத்தமடை தாண்டி ஆக்சில் ஒடிந்து, சைக்கிளை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். லாரிக்காரர் கேட்டது 300. அன்றைக்கு அந்த வண்டி அந்த 300 பெறாது.

அம்பை ஆத்துக்காரன்:
அண்ணாச்சி ஒரு ஆக்சில் ஒடிந்த கதையைச் சொல்லியே பத்து பேரைச் சைக்கிள் வாங்கவிடாமல் பண்ணியிருக்கிறார். ஆக்சில் 150, 200 ரூபாய் சாமான் வே. மாற்ற அரைமணி நேரம். அதற்காக ஒரு வண்டியையே சவம் என்று ஒதுக்கிவிடுவதா?

தம்பி, நீங்கள் போகிற ரோடு சமதளம். தாழையூத்து, கங்கைகொண்டான் எல்லாம் நேர்கோடு. மேடு ஏறுகிறவனுக்குத்தான் இரண்டு கிலோ எடை பெரிய விஷயம். சமதளத்தில் இருபது கிலோமீட்டர் வேகம் தாண்டிவிட்டால் நாம் மல்லுக்கட்டுவது காற்றோடுதான். அதற்குக் குனிந்து பிடிக்கிற ஹேண்டில்பார் எவ்வளவு உதவி என்று ஆடி மாதம் ஓட்டிப் பார்த்தால் தெரியும். பெட்டிக்கடை பிராண்டோ பெரிய பிராண்டோ, குனிகிற முதுகு ஒன்றுதான்.

பாளை பழைய பெடல்:
காலையில் சாப்பாட்டுத் தூக்கை எங்கே மாட்டுவார் அந்தத் தம்பி? கேரியர் இல்லை, மக்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் பின் சக்கரம் அடிக்கிற சேறு முதுகில் நேர்கோடாக ஏறும். ஷிஃப்டுக்குப் போகிறவர் அவர், பந்தயத்துக்குப் போகிறவர் இல்லை.

அதுபோக, 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. கூட இரண்டாயிரம் மூவாயிரம் போட்டால் கேரியர், மக்கார்டோடு புது வண்டியே எடுக்கலாம்.

அம்பை ஆத்துக்காரன்:
அந்தப் புது வண்டி இருபது கிலோ சொச்சம் இருக்கும், கியர் இருக்காது. தினம் முப்பது கிலோமீட்டர் மிதிக்கப் போவது நீங்களா, அவரா?

கேரியருக்கு ஒரு வழி சொல்கிறேன். பின் சக்கரம் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னத் திருகு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். விலையுயர்ந்த பந்தய வண்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது, இந்த மலிவு வண்டிகளில் இருக்கும். இருந்தால் கேரியர், மக்கார்டு இரண்டும் மாட்டிவிடலாம்.

வள்ளியூர் காத்து:
நடுவில் நுழைகிறேன். காற்றைப் பற்றி அம்பைக்காரர் சொன்னது பாதிதான் சரி. தச்சநல்லூரிலிருந்து வடக்கே போகிறவருக்கு ஆடிக்காற்று முன்னால் இருந்து வராது. மேற்கே இருந்து, அதாவது இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். சாலையின் இடது ஓரமாகப் போகிறவரை அது வலது பக்கம், லாரி வருகிற பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது ஓரத்தை நோக்கித் தள்ளும், அது பரவாயில்லை. போகிறபோதுதான் கவனம். குனிந்தாலும் பக்கக் காற்று பக்கக் காற்றுதான்.

எங்கள் பக்கம் காற்றாலை இறக்கைகள் சும்மா சுற்றவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அஞ்சு கிலோமீட்டரிலேயே ஜூன், ஜூலையில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகாமல் சைக்கிள் எடுக்க முடியாது. சர்வீஸ் ரோடு எதுவரை இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வண்டியைப் பற்றி யோசியுங்கள் தம்பி.

கங்கைகொண்டான் ஷிஃப்ட்:
நன்றி டீச்சர். இடது, வலது கணக்கு எனக்குத் தோணவே இல்லை.

கடல்தாண்டிய நெல்லை:
ஊர் பாளையங்கோட்டை, இருப்பது அமெரிக்காவில். இங்கே பல்பொருள் கடையில் பால் வாங்கப் போனால் அடுத்த வரிசையில் சைக்கிள் தொங்கும். சைக்கிள் பைத்தியங்கள் அதைச் ‘சைக்கிள் உருவத்தில் ஒரு பொருள்’ என்று கேலி செய்வார்கள். ஆனால் நான் பார்த்தவரை ஃபிரேம் அவ்வளவு மோசமில்லை. மாட்டிவிட்ட கைதான் மோசம். பெட்டியில் அரைகுறையாக வருவதைக் கடைப் பையன் அவசரத்தில் பூட்டி வைப்பான். பிரேக் தளர்ந்திருக்கும், ஹேண்டில்பார் கோணியிருக்கும். முதல் வேலையாக ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்குங்கள்.

மேலப்பாளையம் வாடகைக் கடை:
அப்பா மணிக்கணக்குக்குச் சைக்கிள் விட்ட கடையில் வளர்ந்தவன் நான். இத்தனை பேர் இவ்வளவு பேசிவிட்டீர்கள், படத்தை ஒருவரும் பெரிசாக்கிப் பார்க்கவில்லையா?

முன் பிரேக் எங்கே இருக்கிறது பாருங்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கவை, அந்த ஃபோர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டியது, பின்னால், பெடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. ஃபோர்க்கின் இரண்டு காலும் கீழே வரும்போது முன்பக்கம் லேசாக வளையணும். இதில் பின்பக்கம் வளைகிறது. ஃபோர்க்கைத் திருப்பிப் போட்டு மாட்டியிருக்கிறார்கள்! நாலு வருஷம் மாடிப்படிக்கு அடியில் ஏன் நின்றது என்று இப்போது தெரிகிறதா? திருப்பத்தில் ஹேண்டிலை வளைத்தால் செருப்பு நுனி முன் டயரில் இடித்திருக்கும். ஹேண்டில் ஒரு மாதிரி கனத்து விழுந்திருக்கும். மனுஷன் பயந்து ஓரங்கட்டிவிட்டார்.

பாளை பழைய பெடல்:
இதைத்தானே முதல் வரியில் சொன்னேன்! ஃபோர்க் முன்னா பின்னா என்று தெரியாதவன் பூட்டிய வண்டியில் ஹைவேயில் போகச் சொல்கிறீர்களா?

அம்பை ஆத்துக்காரன்:
நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன் வே. ஃபோர்க் திரும்பியிருந்ததால் வண்டி ஓடவே இல்லை. ஓடாததால் செயின் தேயவில்லை, ஃப்ரீவீல் தேயவில்லை. பழசு விலையில் புதுசு. பேரத்துக்கும் பிடி கிடைத்தாச்சு.

மேலப்பாளையம் வாடகைக் கடை:
இரண்டு பேரும் சும்மா இருங்க. ஃபோர்க் பத்து நிமிஷ வேலை. ஹேண்டிலை ஃபோர்க்கோடு சேர்க்கிற ஸ்டெம்மின் போல்ட்டைத் தளர்த்தி, ஃபோர்க்கை அரைச்சுற்று திருப்பி, ஹேண்டிலை நேராக்கி இறுக்கணும். முன் பிரேக் கேபிளை மறுபடி கட்டணும். அதற்கு முன்னால் தம்பி நேரில் போய்ப் பார்க்க வேண்டியது இருக்கிறது.

ஃபிரேமில் முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கம், கீழ்க்குழாய் ஹேண்டில் குழாயோடு சேருகிற இடத்துக்கு அடிப்பக்கம். விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ மயிரிழை விரிசல் இருந்தாலோ எதிலோ மோதிய வண்டி, இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அப்புறம் செயின். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற 12 இஞ்ச் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் சைபரை வையுங்கள். புதுச் செயினில் 12 இஞ்ச் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக விழும். அந்தப் பின் ஒன்றரை மில்லி தள்ளிப் போயிருந்தால் செயின் மாற்றணும். மூன்று மில்லி தள்ளியிருந்தால் ஃப்ரீவீலும் சேர்ந்து போச்சு.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள சந்தைப் பாருங்கள். சந்து கொஞ்சம் ஆடினால் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கிற கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், கடகட என்றால் உள்ளே பால்ரஸ் போயிருக்கும். வண்டியைக் கவிழ்த்தால் பெடல் ஆக்சிலுக்கு அடியில் நம்பர் பொறித்திருக்கும். பில் இருந்தால் அதோடு ஒத்துப் பாருங்கள், திருட்டு வண்டி என்று நாளைக்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டாம்.

முக்கியமாக டயர். நாலு வருஷம் நின்ற டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கும், மாற்றித்தான் ஆகணும். கடையில் போய் ‘28 இஞ்ச் டயர்’ என்று கேட்டுவிடாதீர்கள். நம் பழைய கறுப்புச் சைக்கிளின் 28-க்கு ரிம் குறுக்களவு 635 மில்லி. ரேஸ் சைக்கிளில் வருகிற 700சி என்கிற அளவுக்கு 622. அரை இஞ்ச்தான் வித்தியாசம், ஆனால் ஒன்று மற்றதில் நிற்காது. கடைக்காரர்களே சில பேர் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று கட்டிவிடுவார்கள்.

வள்ளியூர் காத்து:
25 மில்லி அகல டயரே வேண்டாம். ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேல முள். 28 மில்லி போடுங்கள்.

அம்பை ஆத்துக்காரன்:
32 போடுங்கள்.

மேலப்பாளையம் வாடகைக் கடை:
28 அனேகமாக நுழையும். 32 என்றால் பிரேக் வாய்க்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கங்கைகொண்டான் ஷிஃப்ட்:
நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஸ்கேலோடு போனதைப் பார்த்து அந்த வீட்டு அம்மா சிரித்துவிட்டார். செயினில் 12 இஞ்ச் கோடு பின்னின் நடுவிலேயே விழுந்தது. கீழ்க்குழாயில் சுருக்கம் இல்லை. கிராங்க் ஆடவில்லை. பின் சக்கரத்தில் மட்டும் லேசான கோட்டம். டயர் இரண்டும் மேலப்பாளையத்து அண்ணன் சொன்னபடியே, நகத்தால் அழுத்தினால் பொடி உதிர்கிறது. பில் வைத்திருந்தார், நம்பர் ஒத்துப் போனது.

ஃபோர்க் திரும்பியிருப்பதைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். “நான்தான் ஓட்டத் தெரியாதவன்னு நாலு வருஷமா நினைச்சிட்டு இருந்தேன்” என்றார். பேரம் பேசவே சங்கடமாகிவிட்டது. அவரே 3,200 கொடு போதும் என்றார். எடுத்துவிட்டேன்.

இன்றைக்கு வேலை முடிந்த கணக்கு: 28 டயர் இரண்டு 1,700, டியூப் இரண்டு 500, கேபிளும் பிரேக் கட்டையும் 450, கோட்டம் எடுத்து, ஃபோர்க் திருப்பி, கூலி 300. கேரியருக்கு ஓட்டை இருக்கிறது, சம்பளம் வந்ததும் மாட்டணும்.

பாளை பழைய பெடல்:
2,950 செலவு. மொத்தம் 6,150. அவர் முதலில் கேட்ட 5,500-ஐயே தாண்டியாச்சு. கேரியர் இன்னும் பாக்கி, ஆக்சில் இன்னும் ஒடியவில்லை.

அம்பை ஆத்துக்காரன்:
டயரும் கேபிளும் எந்தப் பழைய வண்டி வாங்கினாலும் போடத்தான் வேணும். அந்த 5,500-க்கே வாங்கியிருந்தாலும் இந்த 2,950 வந்திருக்கும், 8,450 ஆகியிருக்கும். கணக்கை அப்படிப் போடுங்க அண்ணாச்சி.

பாளை பழைய பெடல்:
அந்த 8,450-க்குத்தான் முதல் நாளே புது வண்டி சொன்னேன். சரி, வாங்கியாச்சு, இனிப் பேசிப் பயனில்லை. தம்பி, பின்னால் சிவப்பு லைட் இல்லாமல் ராத்திரி ஷிஃப்டு முடிந்து வராதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிகிற வரைக்கும் அந்த வண்டிக்குச் செலவாகிற ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வையுங்கள். அப்புறம் பேசிக்கொள்வோம்.

கங்கைகொண்டான் ஷிஃப்ட்:
எழுத ஆரம்பித்தாச்சு அண்ணாச்சி. முதல் வரி: வால்வு அடாப்டர், 40 ரூபாய். புது டியூபின் ஒல்லி வால்வைப் பார்த்துவிட்டுத் தாழையூத்து பஞ்சர் கடைக்காரர் “இதுல எங்க தம்பி காத்தடிக்க?” என்று கேட்டுவிட்டார்.